சின்ன நாய் போதும் என்றோம்

என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் நடக்கவில்லை. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் லேத் மெஷின் முன்னால் நின்றவர். உடம்பு இப்படி ஆனதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு படூரில் எங்கள் ஃப்ளாட்டின் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே போகிற கல்லூரி பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடியிருப்பைச் சுற்றி நடப்பதற்கென்றே கல் பதித்த பாதை இருந்தது. கொஞ்சம் போய்வாருங்கள் என்றால், "செக்கு மாடு மாதிரி சுத்தி வரச் சொல்றியா?" என்பார்.

நான் கேளம்பாக்கத்தில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். காலையில் போனால் திரும்ப இருட்டிவிடும். கூடவே இருந்து அவரை விரட்ட முடியாது. நாய் வைத்திருப்பவர்கள் மழையானாலும் வெயிலானாலும் இரண்டு வேளை கீழே இறங்குவதைக் கவனித்திருந்தேன். நாய் வாங்கும் யோசனை அப்படித்தான் வந்தது. பாசம் ஒன்றும் அதில் இல்லை. ஃப்ளாட்டுக்குச் சின்ன நாய் போதும் என்று நினைத்தேன். சின்ன நாய் கொஞ்சமாகத் தின்று, கொஞ்சமாகக் குரைத்து, ஒரு மூலையில் கிடக்கும் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

கூட வேலை பார்க்கும் நர்ஸின் உறவுக்காரர் வீட்டில் குட்டிகள் இருந்தன. ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்றார்கள். வெள்ளை உடம்பு, மடிந்த காது, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்புத் திட்டு. பெட்டைக் குட்டியாக ஒன்றை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன். படூர் வருவதற்குள் பையின் அடியைக் கடித்து ஓட்டை போட்டுத் தலையை வெளியே நீட்டிவிட்டது.

மகள் பெங்களூரில் வேலையாக இருக்கிறாள். வீடியோ காலில் குட்டியைக் காட்டினேன்.

"அம்மா, இது மடியில வெச்சிக் கொஞ்சற நாய் இல்லம்மா. நரி வளைக்குள்ள பூந்து நரியைத் தொரத்தறதுக்குன்னே வளத்த ஜாதி. படிச்சிப் பாக்கலையா?"

"படூர்ல நரி எங்கடி இருக்கு?" என்றேன்.

நரி இல்லாததுதான் பிரச்சினை என்று பிறகு தெரிந்தது. அந்த வேகத்தை அது வேறெதிலாவது காட்டியாக வேண்டியிருந்தது. முதல் சில மாதங்களில் செருப்புகள், ரிமோட், சோபாவின் ஒரு கை, மிக்ஸியின் வயர் எல்லாம் போயின. வயர் நல்லவேளையாக ப்ளக்கில் இல்லை. சாயங்காலம் ஆனால் ஏதோ பிடித்ததுபோல ஹாலிலிருந்து படுக்கையறை, படுக்கையறையிலிருந்து ஹால் என்று சுவரை உதைத்துத் திரும்பி ஓடும். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "மேடம், வீட்ல பசங்க யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். சமையல் மேடைமேல் வைத்த மீனை, நாற்காலியிலிருந்து கிரைண்டர், கிரைண்டரிலிருந்து மேடை என்று தாவி எடுத்தது. நாற்காலியை நகர்த்தி வைத்தேன். மறுநாள் வேறு வழி கண்டுபிடித்தது.

அதற்கு ஒரு பெயர் வைத்தோம். அந்தப் பெயர் தன்னுடையது என்று அதற்கு நன்றாகத் தெரியும். கூப்பிட்டால் ஒரு காதைத் திருப்பும். பிறகு செய்துகொண்டிருந்த வேலையைத் தொடரும். பயந்த நாயோ, மந்தமான நாயோ இல்லை. நாம் சொல்வதைக் கேட்டு, யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுக்கிற நாய். உட்கார் என்று இரண்டு முறை சொன்னால் உட்காரும். மூன்றாவது முறை கொட்டாவி விடும்.

ஆனால் நான் நினைத்த காரியம் நடந்தது. அவர் இறங்கி நடந்தார். நடக்காவிட்டால் வீடு மிஞ்சாது என்பதால் நடந்தார். முதலில் குடியிருப்புக்குள். அங்கே புல்தரையில் ஒரு அணில் வளையை மோப்பம் பிடித்து, அவர் செருப்பு வாரைச் சரிசெய்வதற்குள் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிவிட்டது. அசோசியேஷனிலிருந்து இரண்டு பேர் வந்து, சிசிடிவியில் எடுத்ததைப் போனில் போட்டுக் காட்டினார்கள். மண் பின்னால் பறப்பதும், என் கணவர் பக்கத்தில் கைகட்டி நின்று பார்ப்பதும் தெளிவாகத் தெரிந்தது.

"நீங்க தடுக்கவே இல்லையே சார்," என்றார் ஒருவர்.

"எவ்ளோ வேகமா தோண்டுது பாருங்க," என்றார் என் கணவர்.

அதன் பிறகு அவரும் நாயும் வெளியே போக ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பூசை முடிந்ததும், பழைய காரில் மூவருமாக மாமல்லபுரத்துக்கு வடக்கே கூட்டமில்லாத கடற்கரையாகப் பார்த்துப் போவோம். அங்கே நண்டு வளைகள் இருந்தன. நாய் ஒவ்வொரு வளையாகத் தலையை நுழைத்துத் தோண்டிக்கொண்டே போகும். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா சார், முயல் மாதிரி கீது, இது நாயா?" என்று கேட்டார். அவர் மனைவியோ, "நண்டு புடிக்க ஆளு கெடச்சுது, வுட்டுட்டுப் போங்க," என்றாள்.

கடற்கரையில்தான் என் கணவர் ஒன்றைக் கற்றுக்கொண்டார். அதைக் கூப்பிடக் கூடாது. துரத்தவும் கூடாது, துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. ஒன்றும் சொல்லாமல் திரும்பி, எதிர்ப்பக்கமாக நடந்துவிட வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மணலில் காலடிச் சத்தம் கேட்கும். நம்மைத் தாண்டி ஓடி, தான்தான் கூட்டிப் போவதுபோல முன்னால் போகும். திரும்பிப் பார்க்காமல் நடப்பதுதான் கஷ்டம் என்றார் அவர். நான் முயன்றபோதெல்லாம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

என் தம்பி கடப்பாக்கம் பக்கம் உப்பங்கழி ஓரமாக நிலம் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்க்கிறான். எங்கள் அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். எங்களுக்கென்று நிலம் இருந்ததில்லை. இப்போதும் நிலம் அவனுடையதில்லை; தண்ணீரும் இறாலும் மட்டும் அவனுடையவை. மூன்று குட்டைகள், நடுவே மண் கரைகள், ஒரு ஓரமாகத் தகரக் கூரை போட்ட வீடு. நாயை அங்கே முதல்முறை கூட்டிப்போனபோது அவன் குனிந்து பார்த்தான்.

"இன்னாக்கா இது, பெருச்சாளி சைஸுக்கு கீது. இத்தப் போய் நாய்னு வாங்கினு வந்துகிற."

"அவருக்காக வாங்கினது."

"மாமா வாட்டசாட்டமா இருக்காரே, அவருக்கு ஏத்த மாதிரி ஒண்ணு வாங்கக் கூடாதா?"

அன்று மதியத்துக்குள் அது கரையோரத்தில் இரண்டு எலிகளைப் பிடித்துப்போட்டது. தின்னவில்லை. கழுத்தைக் கவ்வி ஒரே உதறல், கீழே போட்டுவிட்டு அடுத்தது. தம்பி அதற்குப் பிறகு சைஸைப் பற்றிப் பேசவில்லை. மண் கரைகளில் எலியும் பெருச்சாளியும் வளை போட்டுக்கொண்டே இருக்கும். வளை உள்பக்கம்வரை போய்விட்டால் அதன் வழியாகத் தண்ணீர் கசியும்; கசிவு பெரிதானால் கரை உடைந்து, குட்டையே வெளியே போய்விடும். "எலித் தொல்ல ஒரே பேஜாரா கீது மாமா, வாராவாரம் இட்டுனு வாங்க," என்றான். மாமல்லபுரத்தோடு நின்றுகொண்டிருந்த எங்கள் ஞாயிற்றுக்கிழமை, கடப்பாக்கம்வரை நீண்டது.

இப்படியே ஒரு வருடம் போயிருக்கும். இறால் பிடிக்கும் நாள் நெருங்கிய ஒரு ஞாயிறு. தீவனம் போடுகிற ஆள் ஊருக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் உள்ளே படுத்திருந்தேன். தம்பி மோட்டார் கொட்டகையில் ஏதோ வேலையாக இருந்தான். என் கணவர் நாயோடு கரையில் நடக்கப் போனார்.

எழுந்து வெளியே வந்தபோது, கடைசிக் குட்டையின் கரைச் சரிவில் அவர் குந்தியிருந்தது தெரிந்தது. நாயைக் காணோம். பக்கத்தில் போனேன். வெளிச்சரிவில் ஒரு வளை. வாய்ப்பக்கம் புதுமண் சிதறியிருந்தது.

"உள்ள பூந்துச்சு. வரல," என்றார்.

"எப்போ?"

"நீ படுத்த கொஞ்ச நேரத்துலயே."

அவர் கூப்பிட்டுப் பார்த்திருந்தார். தன் வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் எதிர்ப்பக்கம் நடந்தும் பார்த்திருந்தார். மண்ணுக்குள் இருக்கிற நாய்க்கு அது தெரியப்போவதில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. நான் தம்பியைக் கூப்பிட்டேன்.

தம்பி வந்து வளையில் ஒரு நீளக் குச்சியை விட்டுப் பார்த்தான். கொஞ்ச தூரத்தில் வளை வளைந்திருந்தது. கரைமேல் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தான்.

"ஒண்ணும் கேக்கல. மெஷின் சத்தம்."

குட்டைகளில் ஏரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீரை அடித்துச் சிதறவைக்கும் சக்கரங்கள் அவை. தண்ணீரில் காற்று கலந்தால்தான் இறால் மூச்சுவிடும். வளர்ந்த இறால் நெருக்கமாக இருக்கிற சமயத்தில் சக்கரங்களை ரொம்ப நேரம் நிறுத்தினால், மேலே மிதந்து சாக ஆரம்பிக்கும். ஒரு போகத்து உழைப்பு முழுவதும் அந்தத் தண்ணீருக்குள் இருந்தது. இது எனக்கே தெரியும்போது அவனுக்குத் தெரியாமல் இல்லை. எழுந்து, கால்சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டு, கொட்டகைக்குப் போய் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு வந்தான்.

மெஷின் சத்தமில்லாமல் அந்த இடத்தை நான் அறிந்ததே இல்லை. தூரத்தில் கடல் இரைவது கேட்டது. மூவரும் கரையில் படுத்துக் காதை வைத்தோம். முதலில் எதுவும் இல்லை. பிறகு, மூடிவைத்த குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரைப்பு. வளையின் வாயிலிருந்து வெகுதூரம் தள்ளி, தம்பி படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழே. அவன் அந்த இடத்தில் குதிகாலால் ஒரு குழி போட்டு அடையாளம் வைத்துவிட்டு, ஓடிப்போய் மெஷின்களைப் போட்டான்.

வரும்போது இரண்டு மண்வெட்டியோடு வந்தான்.

"இங்க வெட்டுனா கரை நிக்குமா?" என்று கேட்டேன்.

"வெளிப்பக்கமா வெட்டுனா நிக்கும்."

"நிக்கலன்னா?"

"நிக்கலன்னா அப்போ பாத்துக்கலாம்க்கா."

அவன் சரிவில் இறங்கி வெட்ட ஆரம்பித்தான். என் கணவர் இன்னொரு மண்வெட்டியை எடுத்தார். இரண்டு முறை ஓங்கியதுமே அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது.

"நீங்க கீழ வைங்க."

அவர் வைக்கவில்லை.

"நாய் போனா போவுது. நீங்க வுழுந்தீங்கன்னா இங்கிருந்து யாரு தூக்கினு போறது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி வெட்டப் போனார். நான் சொன்னதில் தவறு இருந்ததாக எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. பேசிப் பயனில்லை என்று மட்டும் தெரிந்தது. மண்வெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே வெட்டினேன். பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு கூலிக்குப் போனவள். எனக்கு மண்வெட்டி புதிதில்லை. அவரை வெட்டிய மண்ணைக் கையால் தள்ளச் சொன்னேன். தள்ளினார்.

தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக வெட்டினோம். மேல்மண் காய்ந்து கட்டியாக இருந்தது. போகப் போகக் களியாக, கறுப்பாக வந்தது. இடுப்பளவு குழியானபோது தம்பி கையை நீட்டி என்னை நிறுத்தினான்.

"போதும்க்கா. ஈரம் தட்டுது."

குழியின் பின்சுவரில் வேர்வைபோலத் தண்ணீர் துளித்தது. அந்தப் பக்கம் குட்டை. இனி வெட்டினால் கரை நிற்காது என்பதை அவன் சொல்லத் தேவையில்லை. மறுபடி போய் மெஷின்களை நிறுத்திவிட்டு வந்தான். காத்திருந்தோம். இந்தமுறை குரைப்பு வரவில்லை. குட்டையின் மேல்தண்ணீரில் இறால்கள் துள்ள ஆரம்பித்திருந்தன. சின்னச் சின்னதாகச் சத்தம் கேட்டது. என் கணவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். "மெஷினப் போடு மச்சான்," என்றார். "போதும். போட்டுடு."

தம்பி போடப் போகவில்லை. குழிக்குள் முழங்காலிட்டு, பக்கச் சுவரில் விரலால் தோண்டினான். மண் ஓரிடத்தில் பொலபொலவென்று உள்ளே விழுந்தது. ஒரு ஓட்டை. கையை விட்டான். தோள்வரை போனது. கன்னம் சேற்றில் அழுந்த, கண்ணை மூடிக்கொண்டு துழாவினான்.

"ஏதோ கெடச்சுது," என்றான். "வாலு."

"உயிர் இருக்குதா?"

"இருக்குது. இழுத்தா எதிர் இழுப்பு இழுக்குது. எதையோ கவ்வினு வுடாம கீது மாமா."

"இழு மச்சான். வாலப் புடிச்சி இழு, ஒண்ணும் ஆவாது."

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் வால், பின்கால்கள், சேறு அப்பிய முதுகு. கடைசியில் தலை; வாயில் ஒரு பெருச்சாளி. நாயின் உடம்பில் பாதி இருக்கும். செத்து வெகுநேரம் ஆகியிருந்தது. நாய் அதைக் கீழே போட்டு, உடம்பை உதறி எங்கள் மூன்று பேர்மேலும் சேற்றைத் தெளித்துவிட்டு, ஒரு கணம் எங்களைப் பார்த்தது. பிறகு திரும்பி அதே ஓட்டைக்குள் தலையை விட்டது. என் கணவர் பாய்ந்து அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டார்.

தம்பி சேற்றிலேயே சாய்ந்து உட்கார்ந்து சிரித்தான். உடனே எழுந்து மெஷின் போட ஓடினான்.

நான் முதலில் என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். வேகமாக இருந்தது, ஆனால் சீராக இருந்தது. அதற்குப் பிறகுதான் நாயைப் பார்த்தேன். மேலுதடு கிழிந்திருந்தது. மூக்கில் இரண்டு பல் தடம். குழாயடியில் வைத்துக் கழுவினோம். அது எங்களைப் பார்க்காமல் கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் காருக்குள் பூட்டிவிட்டு, மூவருமாகச் சாக்கில் மண் நிரப்பிக் குழியை அடைத்தோம். தம்பி மண்ணை மிதித்து மிதித்து இறுக்கினான். மறுநாள் அவரும் நாயும் செங்கல்பட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாய்க்கு ஊசி போட்டு உதட்டில் தையல் போட்டார்கள். எலிக்காய்ச்சலுக்கு ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தது நல்லது என்று அந்த டாக்டர் சொன்னாராம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. எங்கள் லேபில் அந்த நோயை அடிக்கடி பார்க்கிறோம்.

கரை நின்றது. இறாலும் தப்பித்தது. அந்த வளையை அப்படியே விட்டிருந்தால் அறுவடைக்குள் கரை உடைந்திருக்கும், நாய்தான் காப்பாற்றியது என்று தம்பி எல்லோரிடமும் சொல்கிறான். இருக்கலாம். அது உள்ளே போனதால்தான் கரையை வெட்ட நேர்ந்தது என்பதை அவன் சொல்வதில்லை.

அடுத்த வாரம் அவன் நேராகவே கேட்டான்.

"மாமா, இது இங்கயே இருக்கட்டுமே. அங்க மாடில அடைச்சி வெச்சி அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். அசோசியேஷனுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்திருந்தது.

"அது தனியா இருக்காது மச்சான்," என்றார் அவர்.

"தனியா எங்க? நான் இல்ல?"

"உனக்கு அத்தோட சுத்த நேரம் ஏது? ஒரு பத்து நாள் நானும் இருந்து பழக்கி வுட்டுட்டு வரேன்."

பத்து நாள் முடிந்தது. இன்னும் பழகவில்லை என்று போன் செய்தார். பிறகு அடுத்த போகத்துக்குக் குட்டை தயார் செய்கிறார்கள், கரை முழுக்கச் சரிபார்க்க வேண்டும் என்றார். பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டார். இப்போது அவரும் நாயும் அங்கே இருக்கிறார்கள். நான் சனிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறிப் போய், திங்கள் விடியற்காலையில் திரும்புகிறேன். குடியிருப்பில் ஆரம்பத்தில் தயங்கித் தயங்கி விசாரித்தார்கள். "ஒண்ணும் பிரச்சினை இல்லையே மேடம்?" பிரச்சினை இல்லை, எலி பிடிக்கிறார்கள் என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

வாரநாட்களில் வீடு வைத்தது வைத்தபடி இருக்கிறது. மீனை மேடைமேல் திறந்து வைக்கலாம். முதல் சில நாள் அது விசித்திரமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. மகள்தான் போனில், "நீ தனியா இருக்கியேம்மா," என்று வருத்தப்படுகிறாள். எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. அவர் கறுத்துவிட்டார், வயிறு இறங்கிவிட்டது. ரத்தத்தை நானே எடுத்துவந்து பார்க்கிறேன். கொழுப்பு குறைந்திருக்கிறது. நடக்கத்தான் நாய் வாங்கினேன், இவ்வளவு தூரம் நடந்து போய்விடுவார் என்று நினைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

நான் போகும்போது நாய் ஓடிவரும். ஒருமுறை என்மேல் தாவி, கையை நக்கி, பையை மோந்துவிட்டுப் போய்விடும். அவ்வளவுதான். அதற்குமேல் நானும் எதிர்பார்ப்பதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, செங்கல்பட்டில் ஏதோ கல்யாணம் என்று அவரும் தம்பியும் காலையிலேயே போய்விட்டார்கள். நான் லீவு போட்டு முன்னதாகவே போயிருந்தேன். கரையை ஒரு சுற்று பார்த்துவிடு, நாய் பார்த்துக்கொள்ளும், நீ கூடப் போனால் போதும் என்று சொல்லியிருந்தார். கதவைத் திறந்தேன். நாய் எனக்கு முன்னால் போனது. மூக்கைத் தரையில் வைத்துச் சரிவில் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். நடுக்குட்டையின் மூலையில் நின்றுவிட்டது. ஒரு முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, உடம்பு முழுக்க விறைத்து, புல்லுக்குள் எதையோ பார்த்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அது தோண்ட ஆரம்பித்தது. மண் என் புடவைமேல் வந்து விழுந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.